முறை தவறிய சீட்டு

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் ‘முறை’ என்ற சொல்லைத் தேடினால் பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்கும். வரிசை, தடவை, ஒழுங்கு, உறவு, நீதி என்று அது போகும். முறைப்பெண் என்பதில் உறவு. முறையீடு என்பதில் நீதி. முறைவாசல், முறைப்பாசனம் என்பவற்றில் இன்று யாருடைய நாள் என்ற கணக்கு. வள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தில் அரசனின் நீதிக்கு இச்சொல்லையே ஆள்கிறார். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அரசவை அன்று. கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், லயத்து வாசலில் விரித்த கம்பளியில் நால்வர் அமர்ந்து ஆடிய சீட்டாட்டம்தான். ‘என் முறை’ என்று ஒருவர் சொல்லி மற்றவர் மறுத்த கணத்தில், இச்சொல்லின் இரண்டு பொருள்களும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதை நான் சிறுவனாக அருகிலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மலையின் மேல்தட்டுக்குப் போகலாம்.

உதகையில் சர் வில்லியம் ரம்போல்டு 1830களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை, 1841 முதல் ஊட்டி கிளப் என்று அறியப்படுகிறது. ஆட்டங்களின் வரலாற்றில் அதன் புகழ் ஸ்னூக்கரால் வந்தது. 1875இல் ஜபல்பூரில் டெவன்ஷயர் படைப்பிரிவின் இளம் அதிகாரியாக இருந்தபோது நெவில் சேம்பர்லின் (பின்னாளைய பிரதமர் அல்லர், வேறொருவர்) இந்த ஆட்டத்தை உருவாக்கினார். சென்னை ராணுவத் தளபதி பிரெடரிக் ராபர்ட்சின் உதவி அலுவலராக உதகைக்கு வந்த பிறகு, 1880களின் தொடக்கத்தில் அதன் விதிகள் இங்கே எழுதப்பட்டு பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில் மாட்டப்பட்டன. 1938இல், முதிய வயதில், ‘தி ஃபீல்டு’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் அவரே தம் உரிமையை நிலைநாட்டினார். அடுத்த ஆண்டு நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கன்சி அதற்கு வலுச் சேர்த்து எழுதினார்.

பலரும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. ஸ்னூக்கருக்கு முன்பு அந்த மேசைகளில் ஆடப்பட்ட ‘லைஃப் பூல்’ பலர் சேர்ந்து ஆடும் ஆட்டம். ஒவ்வொருவருக்கும் ஒரு வண்ணப் பந்து. அந்த வண்ணமே ஆடும் வரிசையையும் தீர்மானிக்கும். பந்தயப் பணம் வைத்து ஆடுவார்கள். ஆறேழு பேர், கையில் கோப்பை, மலைக்குளிர், வெளியே மழை. யார் எப்போது ஆட வேண்டும் என்பதில் குழப்பம் வராமலிருந்தால்தான் வியப்பு. இன்றைய ஸ்னூக்கர் விதிகளிலும் முறை மாறி ஆடுவது பிழைதான், தண்டம் குறைந்தது நான்கு புள்ளி. நால்வர் ஆடும் ஆட்டத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. எதிர்த்தரப்பு விரும்பினால் பிழை செய்தவரையே மீண்டும் ஆடச் சொல்லலாம், அவர் முறை மாறி ஆடியதே பிழையாக இருந்தாலும்கூட. ஆயினும் தொடக்கத்தில் வகுத்த வரிசை மாறாது.

பந்தாட்டத்தில் இந்தச் சிக்கல் எளிதாகத் தீர்ந்துவிடும். பந்து எல்லோர் கண்முன்னும் கிடக்கிறது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. பக்கத்து அறையில், சீட்டு மேசையில், நிலைமை வேறு.

*

விஸ்ட் ஆடாத ஆங்கிலேயக் கிளப் அக்காலத்தில் அரிது. நான்கு பேர், இரண்டு ஜோடி. ஒருவர் இறக்க, இடப்புறமிருப்பவர் அடுத்து, அவருக்கு இடப்புறமிருப்பவர் அதற்கடுத்து. எட்மண்ட் ஹாயில் 1742இல் இதைப் பற்றி நூல் எழுதிய பிறகு நூறாண்டுக்கும் மேல் ஒவ்வொரு கிளப்பும் தன் தன் வழக்கப்படி ஆடிவந்தது. 1864இல் ஜான் லொரெய்ன் பால்டுவின் தொகுத்த சட்டங்கள் லண்டன் போர்ட்லண்ட் கிளப்பால் ஏற்கப்பட்டு எங்கும் பரவின. அந்தச் சட்டங்களைப் படிப்பவருக்குக் குற்றவியல் சட்டம் படிக்கும் உணர்வு வரும். இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1862இல். இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்துப் பிள்ளைகள்.

முறை தவறிய சீட்டைப் பற்றி அச்சட்டம் சொல்வதைக் கவனியுங்கள். தன் முறையன்றி ஒருவர் முதல் சீட்டை இறக்கினால், எதிராளிகள் அந்தச் சீட்டை ‘வெளிப்பட்ட சீட்டு’ என்று மேசைமேல் கிடக்கச் செய்து, தாங்கள் கேட்கும்போது போட வைக்கலாம். அல்லது, தவறியவரின் தரப்பு அடுத்து இறக்க வேண்டிய முறை வரும்போது இன்ன சின்னத்தில்தான் இறக்க வேண்டும் என்று கட்டளையிடலாம். மற்ற மூவரும் கவனிக்காமல் அதன்மேல் போட்டுவிட்டார்களா, அந்தப் பிடி முடிந்தது, திருத்த இயலாது. நான்காமவர் தன் ஜோடிக்கு முந்திப் போட்டுவிட்டால், அந்த ஜோடியை ‘இந்தப் பிடியை வெல்’ என்றோ ‘வெல்லாதே’ என்றோ எதிராளி பணிக்கலாம்.

இந்தக் கடைசி விதியை மறந்துவிடாதீர்கள்.

இங்கே தண்டிக்கப்படுவது அவசரம் அன்று. முந்திப் போட்ட சீட்டு பேசுகிறது. ஜோடிக்கு எதிரே அமர்ந்து வாயைத் திறக்காமல் ஆட வேண்டிய ஆட்டத்தில், நேரத்துக்கு முன் விழுந்த சீட்டு வாய்விட்டுச் சொன்ன வார்த்தைக்குச் சமம். அது தெரியாமல் நேர்ந்ததா, தெரிந்து செய்ததா என்று எவராலும் நிறுவ முடியாது. ஆகவே சட்டம் மனத்தை விசாரிப்பதில்லை. அந்த வார்த்தையால் ஆதாயம் கிடைக்காதபடி ஜோடியின் கையைக் கட்டுகிறது.

விஸ்டின் வழித்தோன்றலான பிரிட்ஜில் இந்தச் சிந்தனை மேலும் வளர்ந்தது. 1925இல் ஹரால்டு வாண்டர்பில்ட் கப்பல் பயணமொன்றில் வடித்த காண்டிராக்ட் பிரிட்ஜ்தான் இன்று உலகெங்கும் ஆடப்படுகிறது. போட்டி ஆட்டத்துக்கான 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ‘தண்டனை’ என்ற சொல் பெரும்பாலும் விலகி ‘சீர்செய்தல்’ என்ற சொல் வந்தது. முதல் சீட்டை முறை மாறித் திறந்து போட்டால் எதிராளிக்குப் பல வழிகள் உண்டு. அதை ஏற்றுத் தன் கைச்சீட்டுகளை மேசையில் பரப்பிவிட்டு ஜோடியை ஆடச் சொல்லலாம், மறுத்து அந்தச் சின்னத்தைத் தடை செய்யலாம், இன்னும் சில. எனக்குப் பிடித்தது இவற்றுக்கெல்லாம் முந்திய ஏற்பாடு. முதல் சீட்டைக் குப்புறக் கவிழ்த்தே வைக்க வேண்டும். முறை சரிதான் என்று உறுதியான பின்பே திருப்ப வேண்டும். சச்சரவு பிறக்கும் முன்பே அதைத் தடுத்துவிடும் எளிய வழி.

*

இனி மலையின் கீழ்த்தட்டு.

1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத்தின் 9,75,000 தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்தனர். ஏழு பேர் கப்பலேறினால் நான்கு பேருக்கு அங்கே குடியுரிமை என்ற விகிதமும் இருந்தது. மனிதர்களை இப்படிக் கை பிரித்துப் போட்ட ஆட்டத்தில் எவர் எவருக்கு எப்போது முறை வரும் என்பது ஆடியவர்கள் கையில் இல்லை. தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. அவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. என் தாத்தா 1970களில் வந்தார். அவருடைய அண்ணனின் முறை வரவேயில்லை. அவர் ஹட்டனிலேயே தங்கி, அங்கேயே மண்ணானார்.

வந்தவர்கள் தகரப் பெட்டிகளோடு ஓர் ஆட்டத்தையும் கொண்டுவந்தனர். அதன் பெயர் முந்நூற்று நாலு. ஒரு சின்னத்துக்கு எட்டு வீதம் 32 சீட்டுகள். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு சின்னத்துக்கு 76, நான்குக்கும் சேர்த்து 304. ராஜாவையும் ராணியையும் சிப்பாய் விஞ்சும் ஆட்டம்! ஐரோப்பாவின் யாஸ் குடும்ப ஆட்டங்களிலும் துருப்புச் சின்னத்தில் ஜாக்கியும் ஒன்பதுமே உயர்ந்தவை. டச்சுக்காரர்கள் வழியே இது வந்திருக்கலாம் என்பது ஆட்ட ஆய்வாளர்களின் ஊகம். நாம் கிளாவர் என்பதை டச்சுக்காரர் கிளாவெரன் என்கிறார்கள், ஆட்டின் என்பதை ஹார்ட்டன் என்கிறார்கள். இந்த ஊகத்தை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. கூடலூர்ப் பக்கத்தில் மலையாளிகள் ஆடும் இருபத்தெட்டு இதன் நெருங்கிய உறவு. அதில் தோற்றவர் காதில் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும்.

முந்நூற்று நாலில் முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு. ஏலம் கேட்டு வென்றவர் ஒரு சீட்டைக் குப்புற வைப்பார். அதுதான் துருப்பு, மற்றவருக்கு அது எந்தச் சின்னம் என்று தெரியாது. பிறகு மீதி நான்கு. கேட்ட சின்னம் கையில் இல்லாதவர் தன் சீட்டையும் குப்புறவே போடுவார். இப்படி மறைவின்மேல் கட்டிய ஆட்டத்தில் ஒரு சீட்டு முன்கூட்டித் தெரிந்தால் கட்டடமே ஆடிப்போகும். இன்னொன்று, இங்கே முறை வலப்புறமாகப் போகும். கிளப்பின் விஸ்டும் பிரிட்ஜும் இடப்புறம். சுவிட்சர்லாந்தின் யாஸ் இன்றும் வலப்புறமே. இடங்கை வலங்கைச் சண்டையை வரலாற்றில் படித்த நமக்கு இது புதிதில்லைதான். ஆனால் இரண்டு திசைகள் ஒரே கம்பளியில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்தேன்.

அது 1990களின் தொடக்கம், பிப்ரவரி மாத ஞாயிறு ஒன்று. புதிதாக வந்திருந்த கணக்குப்பிள்ளை கோவைக்காரர், விடுதியில் பிரிட்ஜ் ஆடிப் பழகியவர். தாத்தாவுக்கு இடப்பக்கம் அமர்ந்தார். தாத்தாவின் ஜோடி அவருடைய மச்சான். கணக்குப்பிள்ளைக்கு எதிரே, தாத்தாவின் வலப்பக்கத்தில், பக்கத்து வீட்டு மாமா. தாத்தா கிளாவரில் ஒரு பத்து இறக்கினார். அடுத்து மாமா போட வேண்டும். இடது பக்கமே முறை என்று பழகிய கணக்குப்பிள்ளை, தயங்காமல் கிளாவர் ஜாக்கியைத் தூக்கி வைத்துவிட்டார். நான்காவதாக விழ வேண்டிய சீட்டு இரண்டாவதாக விழுந்தது. பிடி தம் தரப்புக்குத்தான் என்று மாமாவுக்கு இப்போது தெரியும். கையில் கிளாவர் ஒன்பது இருந்தால் தயங்காமல் கொடுத்து இருபதை அள்ளிக்கொள்ளலாம்.

“தெரியாமப் போட்டுட்டேன், எடுத்துக்கறேன்” என்றார் கணக்குப்பிள்ளை.

“எடுத்துக்கங்க ஐயா. ஆனா மாமா கையில இருக்கற கிளாவர்ல சின்னதத்தான் போடணும்” என்றார் தாத்தா.

“அது எந்த ரூல்ல இருக்கு?”

“சீட்டு திரும்பிரும்ங்க. பார்த்த கண்ணு திரும்புமா?”

கணக்குப்பிள்ளை சிவந்துபோனார். தாம் ஏமாற்றவில்லை என்று மீண்டும் மீண்டும் சொன்னார். தாத்தாவும் அப்படிச் சொல்லவில்லை என்றுதான் சொன்னார். கணக்குப்பிள்ளையின் காதில் அது ஏறவில்லை. சீட்டுகளைக் கம்பளியில் விசிறிவிட்டு எழுந்து போனார். கையெழுத்து மட்டுமே தெரிந்த தாத்தா, 1864ஆம் ஆண்டுக் கனவான்கள் எட்டிய இடத்துக்கு ஏறத்தாழ அருகில் வந்திருந்தார் என்பது, பல ஆண்டுகள் கழித்து அந்தச் சட்டங்களைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மறுநாள் கொழுந்து நிறுக்கப்போவது அதே கை.

பாட்டி அன்றிரவு தாத்தாவைத் திட்டித் தீர்த்தாள். ஒரு ஜாக்கிக்காக இந்த வம்பு தேவையா என்று கேட்டாள். தாத்தா பதில் பேசவில்லை. திங்கட்கிழமை பாட்டியின் சாக்கில் ஈரக்கழிவு என்று இரண்டு கிலோ வெட்டப்பட்டது. மழை பெய்து மூன்று வாரமாகியிருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து எடை சரியாக இருந்தது.

இரண்டு ஞாயிறு கழித்து அவர் வந்தார். எவரும் அழைக்கவில்லை, எவரும் தடுக்கவும் இல்லை. அதே இடத்தில் அமர்ந்தார். அந்த இரண்டு கிலோவைப் பற்றி அவரும் பேசவில்லை, பாட்டியும் கேட்கவில்லை. அது திரும்பி வரவும் இல்லை. ஆனால் அன்று முதல், எஸ்டேட்டை விட்டு மாற்றலாகிப் போகும்வரை, கணக்குப்பிள்ளை ஒவ்வொரு சீட்டையும் முதலில் குப்புற வைத்து, விரலை அதன்மேலேயே வைத்துக்கொண்டு, தாத்தாவைப் பார்த்து “என் முறைதானே?” என்று கேட்பார். தாத்தா தலையசைத்த பிறகுதான் திருப்புவார்.