துருத்தியில் பறந்தவர்கள்

வீட்டில் ரேஸ் கேமுக்கும் விமான கேமுக்கும் அசையும் நாற்காலி கட்டுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. விமானக் கம்பெனிக்காரன் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்வதை இவன் வைப்பர் மோட்டாரை வைத்துச் செய்யப் பார்க்கிறானே என்பார்கள். நானும் அப்படி ஒன்றைக் கட்டியவன்தான். கட்டும்போது பொழுதுபோகாமல் இதன் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். கதை தலைகீழாக இருந்தது. அந்தக் கோடி ரூபாய் இயந்திரத்தின் தாத்தாவே ஒரு கைவேலைக்காரர் தொழிற்சாலையின் அடித்தளத்தில் உட்கார்ந்து கட்டியதுதான்.

அவர் பெயர் எட்வின் லிங்க். 1904-ல் பிறந்தவர். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிங்கம்டன் என்ற ஊரில் அவர் அப்பா ஆர்கனும் தானியங்கிப் பியானோவும் செய்யும் தொழிற்சாலை நடத்தினார். மகனுக்கு விமானப் பித்து. 1920-ல் 50 டாலர் கட்டி முதல் பாடத்துக்குப் போனார். ஆசிரியர் ஒரு மணி நேரம் வானத்தில் குட்டிக்கரணம் அடித்துக் காட்டினாரே தவிர, கட்டுப்பாட்டுக் கோலை ஒருமுறைகூட அவரைத் தொட விடவில்லை. காசு போச்சு, கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை. பறக்காமலே பறக்கக் கற்றுக்கொள்ள வழி உண்டா என்ற கேள்வி அந்த 50 டாலரிலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

கையில் இருந்த பொருளை எடுத்தார். ஆர்மோனியத்தின் பின்பக்கம் கையால் அமுக்குவோமே, அந்தத் துருத்திதான். ஆர்கனிலும் பெரிய பெரிய துருத்திகள் உண்டு. ஒரு குட்டி மரவிமானத்தைச் சுழலும் மூட்டின் மேல் நிறுத்தி, அடியில் துருத்திகளை வைத்தார். பைலட் கோலை அசைத்தால் வால்வு திறக்கும், மோட்டார் பம்பு ஒரு துருத்தியிலிருந்து காற்றை உறிஞ்சும், அது சுருங்க, விமானம் அந்தப் பக்கம் சாயும். அவ்வளவுதான் தொழில்நுட்பம்.

1929-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1931-ல் கிடைத்தது. அதன் தலைப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயிற்சி விமானிகளுக்கான சாதனம், கூடவே பொழுதுபோக்குக் கருவி என்று இரண்டையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார். விமானப் பள்ளிகள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வாங்கியவர்களில் பெரும்பாலோர் பொருட்காட்சித் திடல்காரர்கள். ஆக, முதலில் அது விளையாட்டுச் சாமான்.

அந்த விளையாட்டுச் சாமானை ராணுவம் தேடி வந்த கதை சோகமானது. 1934 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட், தபால் ஏற்றிச் செல்லும் தனியார் விமான ஒப்பந்தங்களை ரத்து செய்து, வேலையை ராணுவத்திடம் கொடுத்தார். கடும் குளிர்காலம். இரவு, பனி, மேகம். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி பெரும்பாலான பைலட்டுகளுக்கு இல்லை. சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து விமானங்கள் விழுந்தன. பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள்.

ஏன் விழுந்தன? இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சில விழுந்ததுதான் விஷயம். நம் உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் திரவம். தலை திரும்பினால் திரவம் பின்தங்கும், அதை வைத்து ‘திரும்புகிறோம்’ என்று மூளைக்குத் தெரியும். ஆனால் ஒரே வேகத்தில் திரும்பிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் திரவமும் கூடவே சுற்ற ஆரம்பித்துவிடும். அப்புறம் காதைப் பொறுத்தவரை நேராகப் போகிறோம். மேகத்துக்குள் இருக்கும் பைலட்டுக்குக் கண்ணாலும் உதவி இல்லை. விமானத்தை நிஜமாகவே நேராக்கினால், எதிர்ப்பக்கம் திரும்புவதுபோல் உடம்பு அலறும். அதைக் கேட்டு மறுபடி பழைய பக்கமே சாய்ப்பார். சுழன்றுகொண்டே தரைக்கு வருவார். கடைசி வரை உடம்பு சரியாகத்தான் இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

லிங்கை ராணுவ அதிகாரிகள் நியூவார்க்குக்கு அழைத்தார்கள். அன்று வானிலை மோசம், வரமாட்டார் என்று நினைத்திருந்தார்கள். பிங்கம்டனிலிருந்து மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்து வந்து இறங்கினார். அதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா? அந்த வருஷமே ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது, ஒன்று 3,500 டாலர். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் சுமார் 10,000 பெட்டிகள், ஐந்து லட்சம் பேருக்கு அவற்றில் பயிற்சி என்று கணக்குச் சொல்கிறார்கள். மூடியைச் சாத்தி, வெளியே எதுவும் தெரியாமல் செய்து, உள்ளே இருப்பவனுக்குக் கொடுத்த பாடம் ஒன்றுதான்: உடம்பு என்ன சொன்னாலும் நம்பாதே, முள்ளைப் பார்.

அடுத்த பாய்ச்சல் இங்கிலாந்தில், டயர் சோதிக்கும் இடத்தில் நடந்தது. 1950-களில் டன்லப் நிறுவனத்தின் எரிக் கஃப், ஒரு மேடையை ஆறு கால்களில் நிறுத்தி, ஒவ்வொரு காலையும் நீட்டிக் குறைத்து எந்தத் திசையிலும் அசைக்கும் இயந்திரம் செய்தார். 1965-ல் ஸ்டூவர்ட் என்ற பொறியாளர் விமானப் பயிற்சிக்கு ஆறு திசை மேடை ஒன்றை முன்மொழிந்து கட்டுரை எழுதினார். அமெரிக்காவில் கிளாஸ் காப்பெல் தனியாக அதே ஆறு கால் வடிவத்துக்கு வந்து சேர்ந்தார். இன்று விமான நிறுவனங்களின் பயிற்சிக் கூடங்களில் நெட்டைக் கால்களில் ஆடும் வெள்ளை அறைகள் அந்த வம்சம்தான்.

சரி, வீட்டு நாற்காலிக்கு வருவோம். என்னுடையதில் ஆறு கால் கிடையாது, ரெண்டே அசைவு: முன்பின், இடவலம். பழைய இரும்புக் கடையில் எடுத்த கார் சீட், அடியில் ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட், பின்னால் ரெண்டு 12 வோல்ட் வைப்பர் மோட்டார். மோட்டார் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை ஒரு பொட்டன்ஷியோமீட்டர் சொல்லும், பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் திருகுதான் அது. கேம் அனுப்பும் எண்களை வாங்கி, மோட்டார் எங்கே போக வேண்டும் என்று ஆர்டுயினோ முடிவு செய்யும்.

ஆனால் காரோ நாற்காலியோ ஒரு அடிகூட முன்னே நகராது. பிறகு எப்படி பிரேக் பிடித்த உணர்வு வருகிறது? நாற்காலி முன்னால் சாயும். 10 டிகிரி சாய்ந்தால் உங்கள் எடையில் சுமார் 17 சதவீதம் முன்பக்கம் இழுக்கும். பெல்ட் நெஞ்சில் அழுத்தும். சாய்வதையும் வேகம் குறைவதையும் காதுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. திரையில் சாலை நேராக இருப்பதைக் கண் பார்க்கிறது. அப்படியென்றால் பிரேக்தான் என்று மூளை தீர்ப்பு எழுதிவிடும். அப்புறம் நாற்காலி மெதுவாக, காதுக்கு எட்டாத வேகத்தில் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும், அடுத்த பொய்க்குத் தயாராக. பெரிய இயந்திரங்களிலும் இதே தந்திரம்தான், கால்கள் மட்டும் அதிகம்.

இங்கேதான் எனக்கு இந்த வரலாறு கொஞ்சம் கனக்கிறது. 1934-ல் மேகத்துக்குள் மனிதர்களைக் கொன்றது காதின் இந்தக் குறைபாடு. அதை நம்பாதே என்று சொல்லித்தர லிங்கின் பெட்டி வந்தது. நாமோ அதே குறைபாட்டிடம் போய், கொஞ்சம் நம்பேன் என்று கெஞ்சுகிறோம். நாற்காலி ஆடும்போது வயிற்றில் ஒரு சிலிர்ப்பு வருகிறதே, அந்தப் பைலட்டுகள் கடைசியாக நம்பியதும் அதே புலனைத்தான். அதற்காக யாரும் குற்ற உணர்ச்சியோடு கேம் ஆட வேண்டியதில்லை. லிங்க் தன் காப்புரிமையிலேயே விளையாட்டுக்கும் இடம் போட்டுத்தான் வைத்தார்.

நீங்களும் ஒன்று கட்டினால், அல்லது எங்காவது ஒன்றில் உட்கார்ந்தால், ஒரு வளைவில் கண்ணை மூடிப் பாருங்கள். கார் காணாமல் போய்விடும். சாய்ந்த நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது மட்டும் தெரியும். கண்ணைத் திறந்தால் மறுபடி 200 கிலோமீட்டர் வேகம்.