கோளும் சாட்சியும்: பள்ளிச் சீண்டலில் உடனிருப்போரின் மௌனம்

ஒரு மாணவரை, அவரால் எதிர்த்து நிற்க இயலாது என்று தெரிந்தே, தனியொருவராகவோ குழுவாகவோ திரும்பத் திரும்பத் துன்புறுத்துவது இக்கட்டுரையில் 'சீண்டல்' எனப்படுகிறது. உள்நோக்கம், தொடர்ச்சி, வலிமை ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் சீண்டல் என்னும் இவ்வரையறை நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸின் ஆய்வுகளிலிருந்து பரவியது. நண்பர்களுக்குள் நடக்கும் கேலியையும் சமபலம் கொண்ட இருவரின் சண்டையையும் இதனால் விலக்கிவைக்க முடிகிறது. சீண்டுபவர், சீண்டப்படுபவர் என்னும் இருவரையே நெடுங்காலம் பார்த்துவந்த துறையின் கவனத்தை மற்றவர்கள்மேல் திருப்பியவர்களுள் முதன்மையானவர் பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவாலி. 1996இல் அவர் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வு, வகுப்பின் ஏனையோரைத் துணைபோவோர், சிரித்தும் கூவியும் ஊக்குவோர், ஒதுங்கி நிற்போர், காக்க முன்வருவோர் எனப் பகுத்தது. இந்நால்வகையினரையும் சேர்த்தே 'உடனிருப்போர்' என்னும் சொல் இங்கு ஆளப்படுகிறது.

உடனிருப்போரின் வலிமையை அளந்து காட்டியது கனடாவின் டொரண்டோ நகரத் தொடக்கப்பள்ளி மைதானங்களில் நடந்த ஆய்வு. குழந்தைகளின் உடையில் ஒலிவாங்கி பொருத்தி, தொலைவிலிருந்து ஒளிப்பதிவு செய்து, ஹாக்கின்ஸ், பெப்ளர், கிரெய்க் ஆகியோர் 2001இல் வெளியிட்ட முடிவுகளின்படி, சீண்டல் நிகழ்வுகளில் 88 விழுக்காட்டில் பிற மாணவர்கள் உடனிருந்தனர். 19 விழுக்காட்டில்தான் எவரேனும் குறுக்கிட்டனர். குறுக்கிட்டவற்றில் 57 விழுக்காட்டில் சீண்டல் பத்தே நொடிக்குள் நின்றது. பெரியவர்கள் வந்து சேர்வதற்குள் முடிந்துவிடக்கூடிய ஒன்றை, அருகில் நிற்கும் பிள்ளையால் நிறுத்த முடியும் என்றால், அப்பிள்ளை ஏன் நிறுத்துவதில்லை என்பதே முதன்மையான கேள்வியாகிறது.

டார்லி, லட்டானே ஆகியோர் 1968இல் முன்வைத்த விளக்கம் புகழ்பெற்றது: பலர் கூடியிருக்கும் இடத்தில் பொறுப்பு எல்லோருக்கும் பிரிந்துபோவதால் எவருக்கும் அது தம்முடையதாகத் தோன்றுவதில்லை. ஆனால் அவர்களின் சோதனைகளில் கலந்துகொண்டவர்கள் முன்பின் அறியாதவர்கள். வகுப்பறையிலோ எல்லோரும் எல்லோரையும் அறிவர், நாளைக் காலையும் அதே பெஞ்சில் அமர வேண்டியவர்கள். எனவே தமிழ்நாட்டு வகுப்பறையின் மௌனத்துக்கு வேறொரு காரணத்தையும் தேட வேண்டியிருக்கிறது. அது 'சொல்லுதல்' என்னும் செயலுக்கு அங்கே ஏற்பட்டிருக்கும் பொருளில் இருக்கிறது. ஆசிரியர் வராத பாடவேளையில் வகுப்பு லீடர் கரும்பலகையின் ஓரத்தில் பேசியவர்களின் பெயரை எழுதுவதும், மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போடுவதும், வேண்டியவர்களின் பெயரை அழித்துவிடுவதும், ஆசிரியர் வந்ததும் பட்டியலில் மிஞ்சியவர்கள் எழுந்து நிற்பதும் தமிழ்நாட்டில் படித்த எவரும் அறிந்தவை. ஆண்டுக்கணக்கில் இதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, ஆசிரியரிடம் ஒன்றைச் சொல்வது என்றாலே ஒருவரை மாட்டிவிடுவது என்றுதான் பதிகிறது. பிறருக்குத் தீங்கு வரச் சொல்வது கோள். பிறருக்கு நேரும் தீங்கைத் தடுக்கச் சொல்வது சாட்சி. இவ்வேறுபாட்டை மொழி காத்துவைத்திருக்கிறது, பள்ளி அழித்துவிட்டது. சீண்டலைக் கண்டு சொல்லும் மாணவரும் 'போட்டுக்கொடுப்பவர்' என்னும் ஒரே பட்டத்தையே பெறுகிறார்.

சொல்வதற்கான அச்சம் வெறும் கற்பனையன்று. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், உடன்படித்த மாணவர்களின் சாதிவழித் தொல்லையால் பள்ளிக்குச் செல்லாமலிருந்த பட்டியலினப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், விவரம் பள்ளிக்குத் தெரிந்தபின், இரவில் வீடு புகுந்தவர்களால் வெட்டப்பட்டார். தடுக்க முயன்ற தங்கையும் வெட்டுப்பட்டார். அன்று குறுக்கே நின்றவர் அச்சிறுமி. இதையடுத்து அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யவும், எல்லாச் சமூகத்தவரும் அடங்கிய, சீருடையும் பயிற்சியும் உள்ள சமூகநீதி மாணவர் படையை அமைக்கவும் பரிந்துரைத்தது. முன்னது தேவையானது. பின்னதன் நோக்கம் உயர்ந்ததே ஆயினும், சீருடையணிந்த மாணவரை மற்றவர்கள் பெயரெழுதும் லீடரின் இன்னொரு வடிவமாகக் கொள்ளும் வாய்ப்பு மிகுதி என்பதைக் கருதியே அதைச் செயற்படுத்த வேண்டும்.

சென்னையின் புறநகரான தாம்பரத்தையும் அதைச் சூழ்ந்த சேலையூர், பெருங்களத்தூர், முடிச்சூர், குரோம்பேட்டை பகுதிகளையும் நோக்கும்போது சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. தென்மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறியோரின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமரும் இப்புறநகரில், சீண்டல் பெரும்பாலும் பட்டப்பெயராகவே வருகிறது. நிறம், பருமன், திக்குவாய், ஊர்ப் பேச்சு ஆகிய எதுவும் பெயராகிவிடும். அதற்கு மிக வாய்ப்பான இடம் வகுப்பறையைவிடப் பள்ளி வேன். ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஊர்ந்து செல்லும் வேனில் கண்ணைச் சாலையில் வைத்திருக்கும் ஓட்டுநரோ உடன்வரும் உதவியாளரோதான் பெரியவர். நான்காம் வகுப்புப் பிள்ளையும் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் முட்டி இடிக்க எதிரெதிரே அமர்ந்திருக்கிறார்கள். மைதானத்தில் நிற்பவரைப் போல விலகிப் போக அங்கே இடமில்லை. சிரிக்காமல் இருப்பதே அங்கே எதிர்ப்பாகக் கண்ணில் படும். ஆதலால் விருப்பமில்லாதவரும் சிரித்துவைக்கிறார். சால்மிவாலியின் பகுப்பில் அவர் 'ஊக்குவோர்'. ஆனால் அச்சிரிப்பில் பாதி, அடுத்த பட்டப்பெயர் தமக்கு வந்துவிடக்கூடாதே என்னும் பதற்றம்.

சட்டம் இந்நிலையைப் புரிந்துகொண்டிருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டமான போக்சோ, குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காத பெரியவர்களுக்குத் தண்டனை விதிக்கும் அதே 21ஆம் பிரிவில், குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. பேசாமலிருந்த பிள்ளையைக் குற்றவாளியாக்கக் கூடாது என்னும் அக்கருத்து ஆசிரியர் அறைக்கு இன்னும் வந்து சேரவில்லை. சொல்ல வந்த மாணவரை நோக்கி முதலில் எழும் கேள்வி, "அங்கே உனக்கென்ன வேலை?" என்பதாகவே பல இடங்களில் இருக்கிறது; அக்கேள்வியோடு சாட்சி குற்றவாளியாகிவிடுகிறார். அரசுப் பள்ளிகளில் வைக்கப்பட்ட 'மாணவர் மனசு' பெட்டியும் 14417, 1098 ஆகிய உதவி எண்களும் சொன்னவரின் பெயரை மறைக்க வழிசெய்கின்றன. ஆயினும் சீட்டைப் படித்தவர் மறுநாள் வகுப்பில் யாரை எழுப்பி நிறுத்துகிறார் என்பதைப் பிள்ளைகள் கூர்ந்து கவனிப்பர். அடுத்த சீட்டு விழுவதும் விழாமற்போவதும் அதைப் பொறுத்தது.

ஆகவே உடனிருப்போரிடம் பள்ளி கேட்க வேண்டியது வீரச்செயலை அன்று. பின்லாந்து 2009இல் நாடளாவத் தொடங்கிய 'கிவா' திட்டம் உடனிருப்போரைப் பயிற்றுவதையே மையமாகக் கொண்டது. அங்கே பழக்கப்படுத்தப்படுபவற்றில் பாதிக்கப்பட்டவருக்குத் துணைநிற்கும் எளிய செயல்களும் அடங்கும். தாம்பரத்து வேனில் அதற்கு ஈடானவை அரிதல்ல: சீண்டப்படும் பிள்ளையை அதன் சொந்தப் பெயரால் கூப்பிடுதல், "இங்க வா, இடம் இருக்கு" என்று தன் பக்கம் நகர்ந்து இடம்விடுதல், இறங்கும் நிறுத்தத்திலிருந்து தெருமுனை வரை உடன் நடத்தல். இவற்றுள் எதற்கும் கரும்பலகையில் எவர் பெயரையும் எழுத வேண்டியதில்லை.