அரிதாரம்

சின்ன வயசுல எனக்கு துரியோதனன்னா பயம். சதுரங்கப்பட்டினம் பக்கத்துல ஒரு கிராமம், திரௌபதி அம்மன் திருவிழா, ராத்திரி முழுக்க கூத்து. சிவந்த முகம், முறுக்கின மீசை, கண்ணாடிச் சில்லு மின்னுற கிரீடம். பாட்டி முந்தானைக்குள்ள ஒளிஞ்சுகிட்டேன். விடிஞ்சதும் பார்த்தா அதே ஆள் தேங்காயெண்ணெய் தடவி முகத்தைத் துடைச்சுகிட்டிருந்தார். "என்ன தம்பி, ராத்திரி பயந்துட்டியா?"ன்னு கேட்டார். அப்பவும் ஓடிட்டேன் :-)

அந்தப் பயம் எங்கிருந்து வந்துச்சுன்னு பெரியவனானப்புறம் தேடினேன். நாட்டிய சாஸ்திரம் நடிப்பை நாலா பிரிக்குது: உடம்பால செய்யுற ஆங்கிகம், பேச்சும் பாட்டுமான வாசிகம், உள்ளத்து உணர்ச்சி மெய்யில தெரியுற சாத்விகம், உடையும் ஒப்பனையுமான ஆஹார்யம். ஆக, ஒப்பனைங்கறது வெறும் பூச்சு இல்லீங்க, நடிப்புல அதுவும் ஒரு அங்கம்.

தொல்காப்பியம் சொல்ற எட்டு மெய்ப்பாட்டுல பெருமிதமும் வெகுளியும் உண்டு. தீவட்டி வெளிச்சத்துல, கடைசி வரிசையில இருக்கறவனுக்குப் புருவம் நெளியறதா தெரியப்போகுது? அதனாலதான் துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை. கிரீடமும் புஜக்கட்டையும் கனமில்லாத கல்யாண முருங்கை மரத்துல செஞ்சது. விடிய விடிய ஆடணுமே!

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினின்னு மூணு திரை வருது. கூத்துல ரெண்டு பேர் ஒரு துணியைப் பிடிச்சா போதும், அதுதான் திரை. பின்னால நின்னு பாடிட்டுதான் ராஜா முகத்தைக் காட்டுவார்.

அரிதாரம்ங்கறது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த ஒரு மஞ்சள் தாது. விஷம். பேர் மட்டும் இன்னிக்கு எல்லா ஒப்பனைக்கும் நின்னுடுச்சு.

பூசினவனுக்கு மட்டுமா ஆபத்து? சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) சனீஸ்வரன் வேஷம் போட்டிருக்கார். விடியக்காலையில வேஷத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போனப்போ, அவரைப் பார்த்த ஒரு பெண் அதிர்ச்சியில உயிரை விட்டுட்டாங்களாம். அதுக்கப்புறம் அவர் வேஷம் கட்டறதை விட்டுட்டு, நாடகம் எழுதறது, பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கறதுன்னு திரும்பிட்டார்னு சொல்லுவாங்க. நம்ம ஈ.சி.ஆர்-ல தெற்கே போனா வர்ற புதுச்சேரியிலதான் காலமானார்.

இதைப் படிச்சப்போ அந்தத் துரியோதனன் ஞாபகம் வந்துச்சு. அவர் கேட்டது கேலியில்லை. பாதி சிவப்பு கலைஞ்ச முகத்தோட, ஒரு சின்னப் பையனை நிஜமாவே விசாரிச்சிருக்கார். ஓடாம நின்னு, "ஆமாண்ணே"ன்னு சொல்லியிருக்கலாம்.