மூன்று வருட மௌனத்தை உடைத்த பியானோ!

'ஆல் பை மைசெல்ஃப்' பாட்டை ஏதாவது ஒரு ரீல்ஸிலாவது கேட்டிருப்பீங்க. 1975-ல் எரிக் கார்மென் பாடியது. 1996-ல் செலின் டியான் மறுபடி பாடி ஹிட்டாக்கினார். ஆனா, அந்தப் பாட்டு தொடங்கும் மெட்டு 1900-லேயே மாஸ்கோ மேடையில் ஒலித்தது. அதன் தாய்வீடு, ரஷ்ய இசையமைப்பாளர் செர்கெய் ராக்மனினோவின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ.

கான்செர்ட்டோன்னா என்ன?

ஒரு தனி வாத்தியமும் முழு ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. பெரும்பாலும் மூன்று பகுதிகள் இருக்கும். இது சுமார் 35 நிமிடம் ஓடும்.

எழுத முடியாத நாள்கள்

1897-ல் ராக்மனினோவின் முதல் சிம்பொனி அரங்கேறியபோது அவருக்கு 23 வயது. ஒத்திகை போதவில்லை, நிகழ்ச்சி சொதப்பியது. எகிப்தைத் தாக்கிய கொள்ளைநோய்களோடு ஒப்பிட்டு எழுதினார் விமர்சகர் சீசர் குய். மனமுடைந்த ராக்மனினோவ், அடுத்த மூன்று வருடங்களில் பெரிதாக எதையும் எழுதவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை அந்த சிம்பொனி மறுபடி மேடையேறவே இல்லை.

1900-ன் தொடக்கத்தில் நிகோலாய் டால் என்ற மருத்துவரிடம் சிகிச்சைக்குப் போனார். ஹிப்னாசிஸும் பேச்சுமாகச் சில மாதங்கள் அது தொடர்ந்தது. அந்த ஆண்டே பேனா ஓடத் தொடங்கியது. முதலில் இரண்டாவது, மூன்றாவது பகுதிகள் அரங்கேறின. 1901 நவம்பரில் முழுப் படைப்பும் வந்தது. பியானோ வாசித்தது ராக்மனினோவே. படைப்பை டாக்டர் டாலுக்கே சமர்ப்பணம் செய்தார்.

எதைக் கவனிக்கணும்?

முதல் பகுதி: பியானோ மட்டும், தூரத்துத் தேவாலய மணி மாதிரி மெல்லத் தொடங்கி வலுக்கும். இங்கே இடது கை பத்துக் கட்டை தூரத்தை ஒரேயடியாக எட்டிப் பிடிக்கணும். ராக்மனினோவின் கை பெரியது. அவருக்கு அது சுலபம். கை எட்டாத பியானோ கலைஞர்கள் ஸ்வரங்களை ஒன்றன்பின் ஒன்றாக உருட்டி வாசிப்பாங்க. பிறகு மெட்டை வயலின்கள் எடுத்துக்கொள்ள, ஹீரோவான பியானோ பக்கவாத்தியம் ஆகிவிடும்.

இரண்டாவது பகுதி: 'ஆல் பை மைசெல்ஃப்' மெட்டு இங்கேதான். முதலில் புல்லாங்குழல், அடுத்து கிளாரினெட், அப்புறம்தான் பியானோ.

மூன்றாவது பகுதி: வேகமும் துள்ளலும். நடுவே ஒரு காதல் மெட்டு வரும். கடைசியில் அதையே மொத்த ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து முழங்கும். இருண்ட சி மைனரில் ஆரம்பித்த இசை, பிரகாசமான சி மேஜரில் முடியும்.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

35 நிமிடம் மலைப்பா இருந்தா, இரண்டாவது பகுதியை மட்டும் ஹெட்போனில் கேளுங்க. பத்துப் பதினோரு நிமிடம்தான். பிடிச்சுதுன்னா முதலிலிருந்து முழுசா கேளுங்க. 1929-ல் ராக்மனினோவே ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவுடன் வாசித்த பதிவும் இருக்கு. ஒலி பழசுதான். ஆனா, இனி எழுதவே முடியாதுன்னு நினைச்ச மனுஷனோட சொந்த விரல்களை அதில் கேட்கலாம்.