ராஜதுரோகம் - தேசத்துரோகம்: இரண்டும் ஒன்றா? வித்தியாசம் என்ன?

"அவர் மேல தேசத்துரோக வழக்கு போட்டுட்டாங்களாம்!" டீக்கடை பேச்சு முதல் டிவி விவாதம் வரை அடிக்கடி காதில் விழும் வார்த்தை இது. ஆனால், சட்டத்தில் 'செடிஷன்' எனப்படும் குற்றத்துக்கு இது சரியான தமிழ்ச் சொல்தானா?

சொல்லின் பொருள் என்ன?

செடிஷன் என்பதற்குப் பொருந்தும் சொல் ராஜதுரோகம். அதாவது, ஆட்சி அதிகாரத்துக்கு எதிராக மக்களைத் தூண்டிவிடுவது. தேசத்துரோகம் என்பது நாட்டையே காட்டிக்கொடுப்பது. எதிரி நாட்டுக்கு ராணுவ ரகசியத்தை விற்பவரை தேசத்துரோகி என்கிறோம். ஆட்சி வேறு, நாடு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், அரசைக் குறை சொன்னவரும் நாட்டை விற்றவரும் ஒன்றாகிவிடுவார்கள்.

எப்போது வந்தது?

ஆங்கிலேயர் ஆட்சியில், 1870-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 124ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அரசின் மீது வெறுப்பையோ அவமதிப்பையோ தூண்டினால் ஆயுள் தண்டனை வரை கிடைக்கும். திலகர் இதில் சிறை சென்றார். 1908-ல் வ.உ.சிதம்பரனாருக்கு திருநெல்வேலி நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 1922-ல் காந்திக்கு 6 ஆண்டு சிறை. அன்றைய அரசு இவர்களை ராஜதுரோகிகள் என்றது. மக்களோ தேசபக்தர்கள் என்றார்கள்.

அரசை விமர்சித்தாலே குற்றமா?

இல்லை. 1962-ல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும், வன்முறையையோ பொது அமைதிக் குலைவையோ தூண்டாதவரை அது ராஜதுரோகம் ஆகாது.

இப்போது நிலை என்ன?

2022 மே 11-ல் 124ஏ பிரிவை உச்சநீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தது. அதில் செடிஷன் என்ற வார்த்தையே இல்லை. அப்போ பிரச்னை முடிஞ்சுதா? முடியவில்லை. புதிய சட்டத்தின் 152-வது பிரிவு, நாட்டின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாட்டுக்கு ஆபத்து விளைவிப்பதைக் குற்றமாக்குகிறது. ஆயுதக் கிளர்ச்சி, பிரிவினை, நாசவேலை ஆகியவற்றைத் தூண்டுவது இதில் வரும். பழைய பிரிவில் ஆயுள் தண்டனைக்கு அடுத்து 3 ஆண்டு வரை சிறை என்று இருந்தது, இதில் 7 ஆண்டு வரை என உயர்ந்திருக்கிறது. பழைய பெயர் போய்விட்டாலும், புதிய பிரிவு அதே வேலையைத்தான் செய்யும் என்பது விமர்சகர்களின் வாதம்.

எனவே, அடுத்த முறை 'தேசத்துரோக வழக்கு' என்று செய்தி வந்தால், ஷேர் பண்ணும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: வழக்கு எந்தப் பிரிவில்? அவர் எதிர்த்தது நாட்டையா, அரசையா?