கான்

கான் என்பது நடு ஆசியப் புல்வெளிகளின் ஆட்சித் தலைவர்கள் தாங்கிய பட்டம். இன்று தெற்காசியாவில் மிகப் பரவலான குடும்பப்பெயர்களுள் ஒன்று. இதன் பெருவடிவம் ககான். மங்கோலியப் பகுதியை ஆண்ட ரௌரான் மரபின் தலைவர் 402இல் ககான் எனப் பட்டம் சூடினார். அவர்களை 552இல் வென்ற துருக்கியர் தலைவர் பூமினும் அப்பட்டத்தையே ஏற்றார்.

1206இல் மங்கோலியக் குலங்களின் பேரவை தெமுஜினுக்குச் செங்கிஸ் கான் எனப் பட்டமளித்தது. அதன்பின் புல்வெளி நாடுகளில் அவர் வழிவந்தோரே கான் ஆகலாம் என்ற மரபு வேரூன்றியது. பேரரசு கட்டிய தைமூர்கூட அதை மீறவில்லை. செங்கிஸ் வழியினர் ஒருவரைப் பெயரளவுக் கானாக வைத்துக்கொண்டு, தம்மை அமீர் என்றே அழைத்துக்கொண்டார்.

இந்தியாவில் நிலைமை தலைகீழானது. தில்லியில் மன்னர் சுல்தான். கான் என்பது அவர் பிரபுக்களுக்குத் தரும் உயர்நிலை. பத்து அமீர்களுக்கு ஒரு மாலிக், பத்து மாலிக்குகளுக்கு ஒரு கான் என்று படைப் படிநிலையை வரலாற்றாசிரியர் பரணி எழுதுகிறார். பட்டம் பெயராக மாறியதற்கு வித்திட்டது இந்த மாற்றமே எனலாம்: அரியணைக்கு ஒருவர்தான் உரியவர், அரசர் வழங்கும் பட்டத்தையோ எத்தனை பேரும் பெறலாம். முகலாயர் காலத்தில் கான்கள் பெருகினர்; அவர்களுக்கும் மேலாகக் கான்-இ-கானான், அதாவது கான்களின் கான், என்ற பட்டம் பைராம் கானுக்கும் அவர் மகன் அப்துர் ரகீமுக்கும் வழங்கப்பட்டது. கான் பட்டம் பெறச் சமயமும் தடையாகவில்லை. கிருஷ்ணன் கதையை வங்காள மொழியில் பாடிய மாலாதர் பாசு, வங்கச் சுல்தானிடம் குணராஜ் கான் என்ற பட்டம் பெற்றவர்.

பெற்றவரின் பிள்ளைகளும் பேரர்களும் பட்டத்தை விடாமல் தாங்க, அது குடும்பப்பெயராயிற்று. பட்டாணியரிடையேயும் இஸ்லாத்தைத் தழுவிய ராஜபுத்திரரிடையேயும், இந்துஸ்தானி இசைக் குடும்பங்களிலும் இது வேரூன்றியது. ஆங்கிலேயர் கான் சாகிப், கான் பகதூர் என்று அளித்த பட்டங்களில் பழைய மதிப்பின் நிழல் மட்டுமே எஞ்சியது.

ஊர்ப்பெயர்களில் இப்பட்டம் பெரும்பாலும் ஆள்பெயரின் பகுதியாகவே நுழைந்தது. சிந்து நதியோரத்து தேரா இஸ்மாயில் கான், தேரா காசி கான் ஆகியவை பலூச் தலைவர்களின் பெயர் தாங்கியவை. தேரா என்றால் பாளையம். தமிழகத்தில் மதுரையை ஆண்டு, 1764இல் தூக்கிலிடப்பட்ட யூசுப் கானை மக்கள் கான்சாகிபு என்றனர். அது தேய்ந்து கான்சா ஆகி, மதுரையின் கான்சாமேட்டுத் தெருவிலும் விருதுநகர் மாவட்டத்துக் கான்சாபுரத்திலும் நிற்கிறது.

மேற்காசிய ஊர்ப்பெயர்களில் கவனம் தேவை. காசாவின் கான் யூனிஸ், கெய்ரோவின் கான் எல் கலீலி ஆகியவற்றில் வரும் கான், வணிகர் தங்கும் சத்திரத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். பட்டத்தோடு அதற்கு உறவில்லை. காட்டைக் குறிக்கும் தமிழ்க் ‘கான்’ அமைந்த ஊர்ப்பெயர்களும் அவ்வாறே.