குடியம் குகைகள்

குடியம் குகைகள் திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டி நீர்த்தேக்கத்தை ஒட்டிய அல்லிக்குழி மலைத்தொடரில் உள்ள பாறை ஒதுக்கிடங்கள். பழைய கற்கால மனிதர் தங்கிச் சென்ற இடங்களாக இவை அறியப்படுகின்றன. குகை என்று பேச்சில் சொன்னாலும் உள்ளே நீண்டு செல்லும் சுரங்கம் எதுவும் இல்லை. மலையின் பக்கவாட்டை நீரும் வெயிலும் அரித்ததில் அடிப்பகுதி குடைந்துபோய், மேற்பாறை கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கிறது. சென்னையிலிருந்து பூண்டி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வருவோர் ஊத்துக்கோட்டை வழியாக வரலாம்.

இம்மலையின் சிறப்பு அதன் கல்லில்தான் இருக்கிறது. சுவரை நெருங்கிப் பார்த்தால் ஒரே பாறையாகத் தெரியாது. முட்டையளவு, தேங்காயளவு, சில இடங்களில் அதைவிடப் பெரிய உருண்டைக் கற்கள் மணலோடு இறுகி ஒன்றாகியிருக்கும். 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, தொடக்கக் கிரெட்டேசியஸ் காலத்தில், ஓடும் நீர் உருட்டிக் கொண்டுவந்து குவித்த குவார்ட்சைட் கூழாங்கற்கள் இவை. நிலவியலாளர் இந்தப் படிவுக்கு அருகிலுள்ள சத்தியவேட்டின் பெயரைச் சூட்டியுள்ளனர். இப்பாறை தேயும்போது கற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்து ஓடைகளில் சேர்கின்றன. கெட்டியான, சீராகச் சில்லுபடக்கூடிய கல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்ததால்தான் கொசஸ்தலையாற்றுப் படுகையில் கற்கருவி செய்வோர் மீண்டும் மீண்டும் கூடினர். பாறை ஓவியம் தேடி வருவோர் ஏமாந்து திரும்புவதுண்டு. அவர்கள் பார்க்க வேண்டியது சுவரின் மேல் என்ன வரைந்திருக்கிறது என்பதை அல்ல, அந்தச் சுவரையேதான்.

இப்பகுதியை உலகம் அறியச் செய்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் அவர் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அந்த நாளில் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன் பூண்டிப் பக்கம் வந்தபோது, அத்திரம்பாக்கத்தில் கொசஸ்தலையாற்றின் கிளையோடை ஒன்றின் அருகே கைக்கோடாரிகள் திரளாகக் கிடைத்தன. மனிதன் அவ்வளவு பழமையானவன் என்பதை ஐரோப்பிய அறிஞர்களே அப்போதுதான் ஏற்கத் தொடங்கியிருந்தனர் என்பதை நினைத்தால் இக்கண்டுபிடிப்பின் எடை விளங்கும். இருமுகமும் செதுக்கப்பட்ட இக்கைக்கோடாரி மரபுக்குச் சென்னையின் பெயரே நிலைத்தது.

குடியத்தில் 1962 முதல் 1964 வரை இந்தியத் தொல்லியல் துறையின் கே. டி. பானர்ஜி அகழாய்வு நடத்தினார். கைக்கோடாரி மரபைச் சேர்ந்த பிந்தைய அச்சூலியக் கருவிகள் முதல் நுண்கருவிகள் வரை வெவ்வேறு காலத்துக் கருவிகள் கிடைத்தன. அவற்றைச் செய்தவர்களின் எலும்பு கிடைக்கவில்லை. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி, சில நாள் தங்கி, கல் பொறுக்கிப் போன இடமாகவே இதைக் கருதுவது பொருத்தம்.

அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் சாந்தி பப்புவும் அவரது குழுவினரும் மேற்கொண்ட அகழாய்வு இம்முழு நிலப்பரப்பின் காலக்கணக்கையும் மாற்றியது. புதைந்த கல்லில் எஞ்சியிருக்கும் அண்டக்கதிர்த் தடயங்களையும் மண்ணடுக்கில் பதிவான புவிக்காந்தத் திசையையும் அளந்து, அங்குள்ள அச்சூலியக் கருவிகள் சராசரியாக 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை, எப்படியும் 10 லட்சம் ஆண்டுக்குக் குறையாதவை என்று 2011-இல் அறிவித்தனர். 2018-இல் வெளியான ஆய்வு மேலடுக்குகளைப் பற்றியது. பெரிய கைக்கோடாரிகளை விட்டு, முன்கூட்டியே திட்டமிட்டுச் சிறு சில்லுகளைப் பெயர்த்தெடுக்கும் நுட்பம் இங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று அது காட்டியது. அந்நுட்பத்தைப் பின்னாளில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நவீன மனிதர்தான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர் என்ற விளக்கம் இதனால் ஆட்டம் கண்டது. இக்கருவிகளைச் செய்தவர் எந்த மனித இனம் என்பது இன்றும் விடை தெரியாத கேள்விதான்.

மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா பாறை ஒதுக்கிடங்கள் 2003-இல் உலக மரபுச் சின்னமாயின. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் 1919 முதல் தேசியப் பூங்கா. குடியம் இருப்பது காப்புக்காடு ஒன்றுக்குள். அதனால் மரங்களுக்குக் காவல் உண்டு. ஆனால் இம்மாவட்டம் எங்கும் சாலைக்கும் கட்டடத்துக்கும் சரளையும் சவுடும் வெட்டப்படுகின்றன. அப்படி வெட்டப்படும் கூழாங்கல் படிவுகளில்தான் கற்கருவிகளும் கிடக்கின்றன. குகை, ஓடை, ஆற்றங்கரை மூன்றையும் ஒரே தொல்லியல் நிலப்பரப்பாகக் கொண்டு காப்பதே முறை. குகையை மட்டும் வேலியிட்டு வைத்தால் பாதிக்கதை போய்விடும்.

பார்க்கச் செல்வோர் முன்னதாக வனத்துறையிடம் அனுமதி பெற வேண்டும். குடியம் ஊரிலிருந்து முட்புதர்க்காட்டின் வழியே கற்கள் இடறும் பாதையில் நடக்க வேண்டும். வழியில் கடை கிடையாது. தண்ணீரைக் கையோடு கொண்டுபோவது அவசியம். ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொள்வது நல்லது. முதல் ஒதுக்கிடத்தில் ஊர்மக்கள் அம்மனை வழிபடுகிறார்கள். அங்கே அதற்குரிய மரியாதையோடு நடந்துகொள்ள வேண்டும். அடுத்தது இன்னும் பெரியது, அகன்ற மேடைபோல் திறந்து நிற்பது. பாறைக்கூரையில் தேன்கூடுகள் தொங்கக்கூடும் என்பதால் புகையும் கூச்சலும் ஆபத்து. கோடையைத் தவிர்த்து, மார்கழி, தை மாதங்களில் காலையிலேயே கிளம்புவது உடம்புக்கு இதம்.

காலடியில் செதுக்கிய கல் தென்பட்டால் கிடந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். இடம் பெயர்ந்த கருவி ஆய்வாளருக்கு ஏறக்குறைய ஊமையாகிவிடுகிறது. அருகில் நின்று பார்க்க விரும்புவோருக்குப் பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. 1944-இல் கட்டி முடிக்கப்பட்டுச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் பெற்ற அணைக்குப் பக்கத்தில், இப்படுகையில் கிடைத்த கைக்கோடாரிகள் அங்கே கண்ணாடிப் பேழைகளில் வைக்கப்பட்டுள்ளன. குகைக்குப் போகும் முன்பே அதைப் பார்த்துவிட்டால், மலையேறும்போது எது வெறும் கூழாங்கல், எது கைபட்ட கல் என்று கண் தானாகவே பிரித்தறியத் தொடங்கும்.